முன்னே எந்த வழியாகப் போனீர்கள்

சாரதாமணி அந்த மூன்று நாள் வேலைக்குப் போனது கூலிக்காக என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. நினைத்துக்கொள்ளட்டும். ஊர் என்றைக்குச் சரியாக நினைத்தது? நாலு தறி ஓடுகிற வீட்டுப் பொம்பளை, பளபளக்கிற பச்சை மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெயிலில் பைபாஸ் ரோட்டோரம் நின்று வண்டி எண்ணப் போகிறாள் என்றால் வேறு என்னதான் நினைப்பார்கள்? புருசன் காளியண்ணனுக்கு மட்டும் காரணம் தெரியும். அவன் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தறிக்கு நூல் மாட்டிக்கொண்டே, "தொப்பி எடுத்துட்டுப் போ, வெயிலு கொளுத்துது" என்றான்.

செங்காடம்பாளையம் ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே இருக்கிறது. மல்லசமுத்திரம் பக்கமிருந்து சேலம் போகிற எந்த வண்டியும் நாலு மாதத்துக்கு முன்புவரை இந்த ஊருக்குள் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். போர் போடுகிற ரிக் லாரி, நூல் லாரி, கோழித்தீவன லாரி, முட்டை லாரி, பஸ் எல்லாம் அந்த ஒரே கடைவீதியில் உரசிக்கொண்டு போகும். எதிரெதிரே இரண்டு பஸ் வந்துவிட்டால் டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். இப்போது ஊரைச் சுற்றி ஆறு கிலோமீட்டருக்குப் புது ரோடு போட்டாகிவிட்டது. அதனால் ஊருக்குள் எத்தனை வண்டி குறைந்தது, பைபாஸில் எத்தனை ஏறியது, யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்றெல்லாம் அளந்து பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு சர்வே கம்பெனி வந்தது. உள்ளூரில் எழுதப் படிக்கத் தெரிந்த பத்துப் பேரைக் கூலிக்கு எடுத்தார்கள். பைபாஸில் வருகிற லாரிகளை ஓரங்கட்டி நிறுத்தி, டிரைவரிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் சாரதாமணி முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தாள்.

அவளுக்கு ஒரு முட்டை லாரி டிரைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வருடமாகத் தேடுகிறாள்.

அந்தக் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை. மகள் மோனிஷா அப்போது ஐந்தாவது. டியூசன் முடிந்து கடைவீதியைக் கடக்கும்போது அடிபட்டுவிட்டாள். தறி ஓடுகிற வீட்டில் வாசலில் இடி விழுந்தாலும் காதில் விழாது. பக்கத்து வீட்டு ராசாத்தி ஓடிவந்து தறியை நிறுத்தி, "அக்கா, உங்க புள்ள அடிபட்டுப் போச்சு! லாரிக்காரன் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறான்" என்று கத்தினாள். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. அடிபட்டது ஒன்று, லாரிக்காரன் ஒன்று. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு தாயின் மனதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? யாரோ ஒருவருடைய வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் ஒரு முட்டை லாரி நின்றது. பின்பலகையிலிருந்து மஞ்சள் கரு சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஒருவன் நின்றான்.

சாரதாமணி உள்ளேகூடப் போகவில்லை. மரத்தடியிலிருந்து இரண்டு கையிலும் மண்ணை வாரினாள். அவன் முகத்திலேயே தூற்றினாள். "என்ற வயிறு எரியறாப்பல உன்ற வயிறும் எரியும்டா! உன்ற ஊட்டுல வெளக்கெரியாது! நீ நல்லா இருப்பியா!" என்று அடித்தொண்டையில் அலறினாள். அவன் கையைத் தூக்கி முகத்தை மறைக்கவில்லை. அது நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணிலிருந்த மண்ணைத் துடைத்தான், அவளை ஒருமுறை பார்த்தான், லாரியில் ஏறிப் போய்விட்டான்.

நாலாம் நாள் மோனிஷா கண் விழித்தாள். அரைகுறைப் பேச்சில், "வெள்ளக் காரும்மா. நிக்காமப் போயிருச்சு. முட்டை லாரி மாமாதான் என்னைய சீட்டுல படுக்க வெச்சு, ஒரு கையில புடிச்சுக்கிட்டே ஓட்டுனாரு. தூங்காத சாமி, தூங்காத சாமின்னு சொல்லிட்டே வந்தாரு" என்றாள். டாக்டரும், கொண்டுவந்த மனுசன் யார், இன்னும் சித்த நேரம் தாமதித்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். சாரதாமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

எங்கள் பக்கத்தில் வயிறெரிந்து மண் தூற்றினால் அது சும்மா போகாது என்பார்கள். நிலத்தைப் பிடுங்கினவனுக்கும் குடியைக் கெடுத்தவனுக்கும் தூற்றுகிற மண் அது. அதைத் தன் பிள்ளையைக் காப்பாற்றினவன் தலையில் தூற்றிவிட்டாள். எந்தக் கோயிலில் போய் எதைக் கொட்டினாலும் அது தீராது, யார்மேல் தூற்றினாளோ அவன் காதுபடத் திருப்பிச் சொன்னால்தான் தீரும் என்று அவளுக்கு மனதில் விழுந்துவிட்டது. நாமக்கல் போய் நாலு முட்டைக் கிடங்குகளில் விசாரித்தாள். "வண்டி நம்பர் தெரியுமா? கம்பெனி பேரு?" என்று கேட்டார்கள். ஒன்றும் தெரியாது. "முட்டை லாரின்னா நாமக்கல்லுல எந்த லாரிம்மா?" என்று சிரித்தார்கள். அதற்கப்புறம் கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் முட்டை லாரி வந்தால் நின்று டிரைவர் முகத்தைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. பைபாஸ் திறந்ததும் அதுவும் போயிற்று. ஊரே அப்பாடா என்று மூச்சுவிட்டபோது அவள் ஒருத்தி மட்டும் எதையோ பறிகொடுத்தவளாக உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் இந்த சர்வே வந்தது. எல்லா லாரியும் நிற்குமாம், எல்லா டிரைவரிடமும் பேசலாமாம். விடுவாளா?

முதல் நாள் வெடியால ஆறு மணிக்கு வேலை தொடங்கியது. மேற்பார்வைக்கு வந்தவன் நந்தகுமார். இன்ஜினியர், சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், கடமையே கண். போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி லாரியை ஓரங்கட்டுவார். ராசாத்தியும் இன்னும் மூன்று பேரும் டிரைவரிடம் கேட்பார்கள். சாரதாமணியைக் கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, டூவீலருக்குக் கோடு போடச் சொல்லிவிட்டான். நாலு கோடு நிற்க வைத்து ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். அவளுக்கு வயிற்றெரிச்சல். டூவீலரை எண்ணவா வந்தாள்?

ஆனால் லாரிப் பக்கம் ஒரே ரகளை. தாளில் இரண்டாவது கேள்வி, 'எங்கே போகிறீர்கள்?' ராசாத்தி அதை அப்படியே வாசித்தாள். முதல் டிரைவர் முறைத்தான். இரண்டாவது டிரைவர், "ஏம்மா, வண்டியெடுத்து அரை மணி நேரமாகல, எங்க போறேன்னு கேக்கறயே, வெளங்குமா?" என்று எகிறினான். மூன்றாவது ஆள் ஒரு பெரியவர். கிளம்பும்போதுதான் எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டிவிட்டு வந்தாராம். பதிலே சொல்லாமல் இறங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி ஒரு சூடத்தைக் கொளுத்தி வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஏறினார். ஒரு மணி நேரத்தில் நாற்பது லாரியில் ஆறு பேர்தான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தார்கள்.

நந்தகுமாருக்கு அழுகை வராத குறை. "சாதாரணக் கேள்விதானே, இதுல என்ன கோபம்?" என்றான்.

சாரதாமணி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். "ஏனுங் சார், கெளம்பிப் போறவங்கள எங்க போறீங்கன்னு யாராச்சும் கேப்பாங்களா? தூரமுங்களான்னு கேளுங்க. அவுங்களே ஊரச் சொல்லிருவாங்க."

"தூரமான்னு கேட்டா, தூரம், பக்கம்னுதானே சொல்லுவாங்க?"

"சித்த பாருங்க" என்று அவன் கையிலிருந்த கேள்வித்தாள் அட்டையை வாங்கிக்கொண்டு அடுத்த லாரிக்குப் போனாள். "வாங்கண்ணா. தூரமுங்களா?"

"ஆமாம்மா, கொச்சினு" என்றான் டிரைவர், சிரித்த முகமாக.

அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ராசாத்தி ஸ்டூலுக்குப் போனாள், சாரதாமணி லாரிக்கு வந்தாள். சென்னையில் குளிரூட்டின அறையில் உட்கார்ந்து கேள்வி எழுதினவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது? நந்தகுமார் எல்லாருடைய தாளிலும் இரண்டாவது கேள்வியை அடித்துவிட்டு, 'தூரமுங்களா' என்று எழுதினான். அன்று சாயங்காலம் அவளுக்குத் தனியாக ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

இரண்டாம் நாள்தான் அவள் வேலையைக் காட்டினாள். முட்டை லாரி வந்தால் ஐந்து கேள்வியோடு ஆறாவதாகத் தன் கேள்வியையும் சேர்த்துக்கொண்டாள். "ஏனுங்கண்ணா, ரெண்டு வருசத்துக்கு முன்ன இந்த ஊருக்குள்ள ஒரு ஆக்சிடென்டு நடந்துச்சுங்க. அப்ப ஒரு முட்டை லாரிக்காரரு புள்ளையத் தூக்கிட்டுப் போனாரு. அது யாருன்னு தெரியுங்களா?" முகத்தை உற்றுப் பார்ப்பாள். இல்லைங்க என்பான். அடுத்த லாரி. மதியத்துக்குள் பதினாறு முட்டை லாரி பார்த்துவிட்டாள். மதியத்துக்குமேல் ஒரு முட்டை லாரிகூட வரவில்லை. ஒன்றுமே இல்லை. கோழியெல்லாம் முட்டை போடுவதை நிறுத்திவிட்டதா என்ன?

சாயங்காலம் நந்தகுமார் டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தான். ஊருக்குள் கடைவீதியிலும் நாலு பேர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். "முதல் நாள் ஊருக்குள்ள முட்டை லாரி ஒண்ணுகூட இல்ல. இன்னைக்கு மதியத்துக்கு மேல பதினாலு! பைபாஸை விட்டுட்டு எதுக்கு ஊருக்குள்ள போறாங்க? அஞ்சாறு பஸ் மாட்டிக்கிட்டு நிக்குது. டீக்கடைக்காரர் என்னைத் திட்டுறார்" என்றான்.

போலீஸ்காரர் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்தம்மா பழைய ஆக்சிடென்டப் பத்தி விசாரிக்குது சார். பக்கத்துல நானு யூனிஃபார்முல நிக்கறேன். கேஸு தோண்டறாங்கன்னு டிரைவருங்க போன்ல ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்கிட்டாங்க. எவன் வருவான்?"

நந்தகுமார் அவளைப் பார்த்தான். கோபப்பட அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. சாரதாமணி தலையைக் குனிந்துகொண்டு, மண் தூற்றியதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆளை அங்கேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அவன் அனுப்பவில்லை.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. தாள்ல இருக்கற அஞ்சு கேள்வி. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா என் வேலையும் போயிடும். எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா கேக்க மாட்டேனுங் சார்" என்றாள். போலீஸ்காரர் தன் போனிலிருந்து நாலு லாரி ஆபீஸ்களுக்குப் பேசி, கேஸும் இல்லை ஒன்றும் இல்லை, பைபாஸிலேயே வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தேடிப் போன ஆளைத் தானே விரட்டியடித்துவிட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அந்தப் பதினாலில் ஒருவனாக அவன் ஊருக்குள் போயிருந்தால்? இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால்? மோனிஷா பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாவது. புருவத்துக்கு மேலே மட்டும் ஒரு தழும்பு. "நாளைக்குக் கிடைப்பாரும்மா" என்று தலையைத் தூக்காமலே சொன்னாள். காளியண்ணன் அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினான்.

மூன்றாம் நாள் நல்ல வெயில். தொப்பிக்கு மேலே துண்டைச் சுற்றி, கண் மட்டும் தெரிய முகத்தைக் கட்டியிருந்தாள் சாரதாமணி. முட்டை லாரிகள் திரும்ப வந்தன. ஒவ்வொன்றிலும் ஏறெடுத்துப் பார்த்தாள். கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. சத்தியம் சத்தியந்தானே. ஐந்தாவது கேள்வி, 'பைபாஸ் திறப்பதற்கு முன் எந்த வழியாகப் போனீர்கள்?' அதற்கு எல்லா டிரைவரும் ஒரே பதில்தான், ஊருக்குள்ளே. எழுதி எழுதி அவளுக்குக் கை மரத்துவிட்டது. பன்னிரண்டு மணி ஆனது, ஒரு மணி ஆனது. ஒல்லியாக, தாடி வைத்த ஒரு டிரைவர் முட்டை லாரியை மெதுவாக ஓரங்கட்டினான். அன்றைக்குப் பார்த்த முகத்தில் தாடி இல்லை. அந்த முகமெல்லாம் மண்ணாகத்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இவனும் இல்லை என்று நினைத்துக்கொண்டே அட்டையைத் தூக்கினாள்.

"எங்கிருந்துங்க வாறீங்க?"

"மல்லசமுத்திரத்துப் பண்ணைங்க."

"தூரமுங்களா?"

"தூரந்தானுங்க. ஓமலூரு தாண்டி, பெங்களூரு."

"என்னங்க லோடு?"

"பாத்தாத் தெரியலீங்ளா? கையிலயா அடைகாக்கறேன்?" என்று சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வாரத்துக்கு எத்தன தடவைங்க?"

"மூணு."

"பைபாஸு தொறக்கறதுக்கு முன்ன எந்த வழியாங்க போனீங்க?"

"சங்ககிரி சுத்தித்தானுங்க."

பேனா நின்றுவிட்டது. மூன்று நாளில் இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லவில்லை. மல்லசமுத்திரத்தில் லோடு ஏற்றினவன், சேலத்துக்கு நேரே வடக்கே வராமல், திருச்செங்கோட்டுக்குத் திரும்பிப் போய், சங்ககிரி போய், அப்புறம் கிழக்கே திரும்பி வருவானா? தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை அது. ஊர் வழி அல்லாமல் வேறு வழி என்று சொன்னால் காரணம் எழுத வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது.

"அது பெரிய சுத்தாச்சுங்களே. காரணம் எழுதோணுங்க. ரோடு சரியில்லீங்களா? டிராபிக்குங்களா?"

"ஏதோ ஒண்ணு எழுதிக்கங்க."

"அப்படி எழுதக் கூடாதுங்க. சார் வைவாருங்க."

அவன் இன்ஜினை அணைத்தான். கண்ணாடி வழியாக நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்த ஊருக்குள்ள போக மனசு வரலீங்க, அதான். ரெண்டு வருசத்துக்கு முன்ன அந்தக் கடைவீதில ஒரு பொம்பளப் புள்ள அடிபட்டுக் கெடந்துச்சு. எவனோ கார்ல அடிச்சுப்போட்டுப் போயிட்டான். தூக்கிட்டுப் போனேன். முட்டை ஒடைஞ்சாலும் ஒடையட்டும்னு முடுக்கினேன். என்ன பண்ணியும் காப்பாத்த முடியலீங்க. ஆஸ்பத்திரில நின்னுக்கிட்டிருக்கறேன், அவுங்கம்மா வந்து மண்ண வாரி மூஞ்சில தூத்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, புள்ள போயிருச்சுன்னு. புள்ள உசுரோட இருக்கறப்ப எந்தத் தாயாச்சும் மண்ணு தூத்துவாளா? புள்ளையப் பறிகுடுத்தவகிட்ட, நான் அடிக்கலம்மான்னு வாதாடச் சொல்றீங்களா? வந்துட்டேன். அதுக்கப்பறம் அந்த வீதில ஸ்டீரிங்கப் புடிச்சா கையி நடுங்குதுங்க. அதான் சங்ககிரி சுத்திப் போனேன். இந்த பைபாஸு வந்தப்பறந்தான் இந்தப் பக்கமே வாரேன். ரோடு போட்டவங்க நல்லா இருக்கோணும்."

சாரதாமணியின் கையிலிருந்து அட்டை கீழே விழுந்தது. துண்டை அவிழ்த்தாள், தொப்பி எங்கோ போயிற்று. லாரிப் படியில் ஒரு காலை வைத்து ஏறி, கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பாவி நாந்தானுங்க! புள்ள இருக்குதுங்க! சாமி, புள்ள நல்லா இருக்குதுங்க!"

அவன் திகைத்துப் போய்ப் பார்த்தான். "என்னங்க சொல்றீங்க?"

"சாகலீங்க! நீங்க கொண்டாந்து சேத்ததுல பொழச்சுக்கிச்சு. ஏழாவது படிக்குது. நேத்துக்கூட என்ற பக்கத்துல உக்காந்து எழுதுச்சு. நாந்தான் லாரின்னு கேட்டதும் புத்தி கெட்டுப் போயி..." கதவுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மினாள்.

"நெசமாலுமா?"

"நெசமாலுமுங்க."

"நடக்குதுங்ளா?"

"ஓடுதுங்க! பள்ளிக்கூடத்துல ரிலே ரேசு ஓடுதுங்க!"

அவன் ஸ்டீரிங்கில் கையை மடித்துத் தலையை வைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. ஆம்பிளை அழுவதைப் பார்த்துப் போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாரதாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இதற்காகத்தானே இரண்டு வருடம் அலைந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். "அண்ணா, அன்னைக்கு என்ற வாயில வந்தது ஒண்ணுகூட உங்களச் சேரக் கூடாதுங்க. அத்தனையும் நாந் திருப்பி எடுத்துக்கறேன். உங்க ஊட்டுல வெளக்கு நூறு வருசம் எரியோணும். அந்த மண்ணு..."

"மண்ணா?" என்று அவன் தலையைத் தூக்கினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தான். "அது அன்னைக்கே குளிச்சதோட போச்சுங்கக்கா. அந்தப் புள்ள மொகந்தான் போகவேயில்ல."

"ஊட்டுல எல்லாரும்..." என்று தொடங்கினாள். கேட்கவே பயமாக இருந்தது.

"எல்லாரும் சொகந்தானுங்க. போன தையில எங்களுக்கும் ஒரு பொம்பளப் புள்ள பொறந்துருக்குது."

அவளுக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. இரண்டு கையையும் எடுத்து அவனைக் கும்பிட்டாள். அவன் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினான். பேரைக் கேட்டாள். குணசீலன் என்றான்.

பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு ரிக் லாரி, இரண்டு டிப்பர், ஒரு பஸ், அதற்குப் பின்னால் இன்னும் என்னென்னவோ. பைபாஸ் திறந்த நாலு மாதத்தில் அதில் ஏற்பட்ட முதல் நெரிசல் அதுதான். அதுவும் நெரிசலை அளக்க வந்தவர்களால். நந்தகுமார் வாயில் விசிலோடு ஓடிவந்தான். "என்னக்கா இது, நேத்துத்தானே சத்தியம் பண்ணீங்க?" என்று கத்த வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்தான், டிரைவர் முகத்தைப் பார்த்தான்.

"நான் கேக்கலீங் சார். அஞ்சாவது கேள்விதானுங் கேட்டேன்" என்றாள் சாரதாமணி, சின்னப் பிள்ளை மாதிரி.

அவன் திரும்பிப் போய், நடுரோட்டில் நின்றுகொண்டு, பின்னால் வந்த வண்டிகளைத் தானே கையைக் காட்டி அடுத்த தடத்தில் திருப்பி விட்டான். அந்த ஏழெட்டு நிமிடம் போன வண்டிகளை யாரும் எண்ணவில்லை. ராசாத்தி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

குணசீலன் வீட்டுக்காரியைக் கூப்பிடப் போனை எடுத்தான். இரண்டு தரம் தப்பாக அழுத்தினான். மூன்றாவது தரம் மணி போயிற்று. சத்தமாகக் கேட்கும்படி வைத்தான்.

"தனம்."

"சொல்லுங்க. ஓமலூரு போயாச்சா?"

"தனம், அந்தப் புள்ள பொழச்சுக்கிச்சாமா."

அந்தப் பக்கம் கைக்குழந்தை ஒன்று எதையோ தட்டி விளையாடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எந்தப் பிள்ளை என்று அவள் கேட்கவில்லை.

"அவுங்கம்மா இங்க நிக்கறாங்க. ஏழாவது படிக்குதாமா. ஓட்டப்பந்தயம் ஓடுதாமா."

"போனக் குடுங்க அவுங்ககிட்ட."

சாரதாமணி போனை இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அக்கா, புள்ள பேரு என்னங்க?" என்றாள் தனப்பிரியா.

"மோனிஷாங்க."

"மோனிஷா" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தரம் சொன்னாள். "ரெண்டு வருசமா பேரு தெரியாமத்தாங்க்கா இருந்தோம். அன்னைக்கு இவரு ஊட்டுக்கு வந்து சோறு தண்ணியில்லாமப் படுத்துக்கிட்டாரு. அந்த ஆத்துமா சாந்தியாகோணும்னு வருசா வருசம் பங்குனில, அந்த நாளுல, பால்வாடிப் புள்ளைங்களுக்குச் சக்கரப் பொங்கல் வெச்சுக் குடுக்கறேனுங்க. பேரு தெரியாதில்லீங்ளா, அந்தப் புள்ளைக்குன்னு சொல்லித்தான் கும்புடுவேன்."

சாரதாமணி லாரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தான் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். அந்த வீட்டில் தன் பிள்ளைக்காகப் பொங்கல் வைத்திருக்கிறார்கள். இதற்கு என்ன சொல்லி, எதைக் கொடுத்து ஈடுகட்டுவது? நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல் அவளுக்கே சின்னதாகத் தெரிந்தது.

"இனி அதெதுக்கு தனம், நிறுத்திரு. உசுரோட இருக்கற புள்ளைக்கு அதெல்லாம் ஆகாது" என்றான் குணசீலன் மேலேயிருந்து.

"நீங்க சித்த சும்மா இருங்க" என்று அதட்டல் வந்தது போனிலிருந்து. "பால்வாடிப் புள்ளைங்க பொங்கலுக்கு ஏமாந்து போறதா? வெக்கற நாளத்தான் மாத்தோணும். அக்கா, மோனிஷா பொறந்த நாளு எப்பங்க? தேதியச் சொல்லுங்க, இனி அன்னைக்கே வெச்சுக்கறேன்."

சாரதாமணி சொல்லப் பார்த்தாள். நந்தகுமார் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான். ஒரு வாய் குடித்தாள்.

"ஆவணி பன்னெண்டுங்க, கண்ணு" என்றாள். "அன்னைக்கு நாங்க மூணு பேரும் வெடியாலயே அங்க வந்துருவோம். அடுப்ப நீ பத்த வெக்காத. பொங்கல நானே கிண்டறேன்."